காயிதத்தின் மேல் சுண்ணாம்பு

கடலூர் ஓ.டி. என்கிற பழைய டவுனில் பெயிண்டர் கொளஞ்சியப்பனுக்கு உடன்பிறந்தவள் ஒரே ஒரு அக்கா, அமிர்தம். அப்பா வழி விருத்தாசலம் பக்கம், அம்மா வழி பரங்கிப்பேட்டை. அப்பா இருக்கும்போதே இல்லாத மாதிரி இருந்தவர். அம்மா போன பிறகு சீக்கிரமே அவரும் நிஜமாகவே இல்லாமல் போனார். அதற்கப்புறம் அமிர்தம் பண்ருட்டிப் பக்கம் போய் முந்திரிக்கொட்டை உடைத்தாள். கொட்டையின் பால் பட்டு விரல்நுனியெல்லாம் கறுத்துத் தோல் உரியும். அந்தக் கையால்தான் தம்பிக்குச் சோறு பிசைந்து போட்டாள். அவன் வெள்ளையடிக்கும் மட்டையைப் பிடிக்கப் பழகி, தன் வயிற்றைத் தானே பார்த்துக்கொள்ளும் காலம் வந்த பிறகுதான் தன் கல்யாணப் பேச்சுக்கு அவள் காது கொடுத்தாள். சிதம்பரத்து அம்பலம் வாய்த்தார். ஒரு காலேஜ் ஹாஸ்டல் மெஸ்ஸில் சமையல்காரர். அதிகம் பேசாத மனிதர்.

கொளஞ்சியப்பன் கை சுத்தமான கை. கிளிஞ்சல் சுண்ணாம்பை ஊறப்போட்டு, வடிகட்டி, வஜ்ஜிரப் பசை காய்ச்சி ஊற்றி, நீலம் கலந்து அவன் ஒரு சுவரை அடித்தால் பால் ஊற்றிக் கழுவின மாதிரி இருக்கும். சுனாமி வந்துபோன பிறகு தேவனாம்பட்டினம் பக்கம் வரிசை வரிசையாகப் புது வீடுகள் கட்டினார்கள். அதில் பாதி வரிசைக்கு அவன்தான் வெள்ளையடித்தான். ஊரே அழுதுகொண்டிருந்த காலத்தில் அவன் தொழில் நிமிர்ந்தது. சட்டைப் பையில் செல்போன் வந்தது. யாராவது வேலை விஷயமாக ஏதாவது சந்தேகம் கேட்டால், "இந்தக் கைக்குத் தெரியாத செவுரு ஏது?" என்பான். அந்தப் பேச்சு அப்படியே வாயில் ஒட்டிக்கொண்டது. அதுதான் பின்னால் அவனைக் கவிழ்த்தது.

அம்பலம் சிதம்பரத்தில் ஒரு வீடு கட்டினார். பெரிய வீடு இல்லை. ஒரு கூடம், இரண்டு அறை, அடுப்படி. ஆனால் அந்த வீட்டுக்கு மண் கொள்ளிடத்து மண். லோடு வந்து இறங்கினதும் வேலைக்கு ஆள் வைக்காமல், மெஸ்ஸில் மாவு சலிக்கிற மாதிரி அவரே உட்கார்ந்து சலித்தார். வீட்டுக்கு வருகிறவர்களிடம் அவர் பேசிய பெருமைப் பேச்சு ஒன்றே ஒன்றுதான்: "கொள்ளிடத்து மண்ணுங்க. ஒரு பொட்டு உப்பு கெடையாது." அப்புறம் ஏதோ கெஸ்ட் ஹவுஸில் சமைக்கப் போன இடத்தில் சுவரெல்லாம் பூப்போட்ட காயிதம் ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டார். அது மனசில் நின்றுவிட்டது. பாண்டிச்சேரியிலிருந்து ஆளைக் கூட்டிவந்து கூடம் முழுக்க ரோஜாக்கொடி போட்ட காயிதத்தை ஒட்டினார். வழவழவென்று பிளாஸ்டிக் மாதிரி மினுங்குகிற காயிதம். தெருவே வந்து தடவிப் பார்த்துவிட்டுப் போனது.

சில வருஷத்தில் ரோஜா பழுப்பேறிப்போனது. தாளிப்புப் புகை, சாய்ந்து உட்கார்ந்தவர்கள் தலை எண்ணெய், மூலைகளில் காயிதம் காது மாதிரி மடங்கிக்கொண்டது. 2011 ஆவணியில் அமிர்தத்தின் மகள் ஸ்வர்ணலதாவுக்கு நிச்சயம் என்று முடிவானபோது அந்தப் பெண்ணே போனில் சொன்னது:

"மாமா, கூடத்தப் பாத்தா பழைய லாட்ஜ் மாரி இருக்குது. மாப்ள வூட்டுக்காரங்க வராங்க. நீதான் ஏதாவது செய்யணும்."

கொளஞ்சியப்பன் மார்பில் தட்டிக்கொண்டான். "தாய்மாமன் சீரு என்னான்னு கேட்டா அந்தக் கூடத்தக் காட்டு, தங்கம். வரவன் வாயப் பொளக்கணும்."

மாப்பிள்ளை வீடு பெண்ணாடம். மாப்பிள்ளையின் அப்பா சிங்காரம் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தவர், நாலு பேர் நடுவில் சத்தமாகப் பேசிப் பழகினவர்.

காயிதம் ஒட்டின சுவரில் கொளஞ்சியப்பன் அதுவரை கை வைத்ததே இல்லை. அதைத் தெரிந்த ஆள் ஓ.டி.யிலேயே இருந்தான், தேவசகாயம். பாண்டிச்சேரி ஓட்டல்களில் வேலை செய்கிறவன். ஒரு காலத்தில் கொளஞ்சியப்பனுக்கு ஏணி பிடித்தவன். தேர்முட்டிக்குப் பக்கத்து டீக்கடையில் இரண்டு பேரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து டீ குடித்தார்கள். கேட்க வேண்டியது நாக்கு நுனிவரை வந்தது. "ஏணி புடிச்சவன்கிட்ட நான் கேக்குறதா?" என்று கொளஞ்சியப்பன் டீயோடு சேர்த்து அதை விழுங்கினான். அந்த டீ எவ்வளவு கசப்பாகப் போகிறது என்று அப்போது தெரியவில்லை.

நிச்சயத்துக்கு இரண்டு நாள் முன்னால்தான் சிதம்பரம் போய் இறங்கினான். ஒரு மூலையில் நகத்தைக் கொடுத்துக் காயிதத்தை இழுத்துப் பார்த்தான். மேல் தோல் மட்டும் வந்தது. அடித் தாள் சுவரோடு நின்றுகொண்டது. சுரண்டியால் கீறினான். கைப்பிடி அகலம் எடுப்பதற்குள் வேர்த்துவிட்டது. அமிர்தம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இத பூராம் பிச்சிட்டுத்தான் அடிக்கணுமா கொளஞ்சி?"

"பிச்சா செவுத்துக் காரையும் கூட வந்துடும்க்கா. மேலயே அடிச்சிடலாம்."

"நிக்குமாடா?"

"சுண்ணாம்பு ஒரு கோட்டு குடுத்து மேல டிஸ்டெம்பர் போட்டா எது நிக்காது? நீ போயி எனக்குக் காப்பி போடு."

வெள்ளையடிக்கிறவன் பழக்கம் ஒன்று உண்டு. மட்டையைத் தொடுவதற்கு முன்னால் சுவரைத் தண்ணீர் அடித்து நனைப்பார்கள். காய்ந்த சுவர் சுண்ணாம்பைக் குடித்து வெளிறிப்போகும், நனைந்த சுவர்தான் பிடித்துக்கொள்ளும். அது காரைச் சுவருக்குச் சரி. கொளஞ்சியப்பன் கை யோசிக்கவே இல்லை. காயிதத்தின் மேலேயே வாரி வாரித் தண்ணீர் அடித்தான். வழவழப்பில் தண்ணீர் வழிந்து ஓடியது. காயிதமும் காயிதமும் சேரும் ஒட்டுகளில் எல்லாம் உள்ளே இறங்கியது. சுண்ணாம்பு பிடிக்காமல் நழுவியதும் வஜ்ஜிரத்தைக் கூட ஊற்றிக் கெட்டியாக அப்பினான். மறுநாள் அதன் மேல் இளம் பச்சை டிஸ்டெம்பர்.

சாயங்காலம் டியூப் லைட் போட்டபோது கூடம் வாழைக்குருத்து மாதிரி இருந்தது. ஸ்வர்ணலதா கன்னத்தில் கையை வைத்துக்கொண்டாள். அம்பலம் மெஸ்ஸிலிருந்து வந்து செருப்பைக் கழற்றாமலே வாசற்படியில் நின்று பார்த்தார். "நல்லாருக்குது மச்சான்," என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய பேச்சு. அம்பலத்தின் அக்கா பாலாம்பாள் மட்டும் மூக்கைத் தூக்கிக்கொண்டு வந்து, "ஏன்டா, செவுரு இன்னும் வேத்து வடியுதே," என்றாள். "புதுப் பொண்ணு வூடு இல்ல அண்ணி, வெக்கத்துல வேக்குது," என்று இவன் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

மறுநாள் காலையில் பெண்ணாடத்திலிருந்து வேனில் வந்து இறங்கினார்கள். கூடத்தில் ஜமுக்காளம், நடுவில் தாம்பூலத் தட்டுகள், மேலே மின்விசிறி முழு வேகம். இந்தப் பக்கத்தில் தட்டு மாற்றுவதற்கு முன்னால் சபையில் ஒரு கேள்வி கேட்பார்கள்: பெண்ணுக்குத் தாய்மாமன் உத்தரவு உண்டா? அவன் வாயைத் திறந்து உண்டு என்று சொன்ன பிறகுதான் தட்டு கை மாறும். முதல் மாலை அவன் கழுத்தில்தான் விழும். கொளஞ்சியப்பன் பட்டுக்கரை வேட்டி கட்டி, சந்தனம் பூசி, அந்தக் கேள்விக்காகக் காத்து உட்கார்ந்திருந்தான். அவன் பெண்டாட்டி சின்னம்மாள் புடவையும் வளையலும் பழமும் வைத்த சீர்த்தட்டுகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தாள்.

முதலில் அப்பளம் பொரிகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம். ஜன்னலுக்கு மேலே சுவர் உப்பியது. கொளஞ்சியப்பன் மட்டும்தான் பார்த்தான். அப்புறம் பக்கத்தில் இன்னொன்று. சுவரில் சாய்ந்திருந்த மாப்பிள்ளையின் அத்தை எழுந்திருக்க, அவள் பட்டுப்புடவை முதுகு முழுக்கப் பச்சை, நடுவில் ஒரு சுண்ணாம்புப் பட்டை. "அய்யய்யோ எம் பொடவ!" என்று அவள் திரும்பின நேரத்தில் மேல் ஒட்டு விட்டுக்கொண்டது. ஒரு பாகம் முழுக்க, சுண்ணாம்பும் பெயிண்டும் காயிதமுமாக, ஆட்டுத் தோலை உரித்த மாதிரி மெதுவாக மடிந்து இறங்கித் தாம்பூலத் தட்டின் மேல் விழுந்தது. மஞ்சள், குங்குமம், வெற்றிலை, எல்லாவற்றின் மேலும் வெள்ளைத் தூள். காயிதத்தின் ரோஜாப்பூ ஒன்று தேங்காய்க்குப் பக்கத்தில் சிரித்துக்கொண்டு கிடந்தது.

விசிறி மட்டும் சுற்றியது.

சிங்காரம்தான் ஆரம்பித்தார். "என்னா சம்மந்தி, வூடு சட்டய கயட்டுது?"

யாரோ ஒருவர் சிரிப்பை அடக்கினார். எல்லாக் கண்ணும் இப்போது பெயிண்ட் அடித்தவன் யார் என்று தேடும் என்று கொளஞ்சியப்பனுக்குத் தெரிந்தது. காது இரண்டும் கொதித்தன. உரிந்த இடத்தில் சுவர் ஈரமாகத் தெரிந்தது. அவன் அடித்த தண்ணீர்தான் அது. அவனுக்குத் தெரியும். தெரிந்தே வாய் பேசியது.

"அதோ பாருங்க ஈரத்த. செவுத்துல உப்பு ஓதம் காக்குது. கடல் மண்ணப் போட்டுப் பூசியிருக்காங்க. இதுல எவன் அடிச்சாத்தான் பெயிண்டு நிக்கும்?"

கண்ணெல்லாம் அவனை விட்டு அம்பலத்தின் மேல் போய் விழுந்தது.

அம்பலம் எழுந்தார். சுவரண்டை போய் ஈரத்தில் ஒரு விரலை வைத்து, மெஸ்ஸில் சாம்பாருக்கு உப்புப் பார்க்கிற மாதிரி நாக்கு நுனியில் தொட்டார். அவருக்குத் தெரியாத உப்பா? திரும்பி மச்சானைப் பார்த்தார். கொளஞ்சியப்பன் சந்தனம் பூசின கழுத்தோடு உட்கார்ந்திருந்தான். மாலைகள் தட்டில் தயாராக இருந்தன. அம்பலம் விரலை வேட்டியில் துடைத்தார்.

"உப்புதான்," என்றார். "மண்ணு வாங்குனதுல ஏமாந்துட்டேன்."

தட்டைத் துடைத்து வேறு வெற்றிலை வைத்தார்கள். கேள்வியைக் கேட்டார்கள். கொளஞ்சியப்பன் உண்டு என்றான். அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. மாலையைப் போட்டார்கள். அது ரோஜா மாலை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சின்னம்மாள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். புவனகிரி தாண்டித்தான் பேசினாள்.

"உங்க அக்கா வூட்டுக்காரரு நாக்குல வச்சிப் பாத்தத நானும் பாத்தேன்."

"அதுக்கு?"

"ஒண்ணுமில்ல. பாத்தேன்னு சொன்னேன்."

அதற்கப்புறம் கொளஞ்சியப்பன் சிதம்பரம் போகவில்லை. அக்கா போன் செய்தால் சின்னம்மாளை எடுக்கச் சொன்னான். தீபாவளிக்குத் தாய்மாமன் கொண்டுபோக வேண்டிய துணிமணியைக்கூட, வேலை ஜாஸ்தி என்று சொல்லி, அந்தப் பக்கம் போகிற ஆளிடம் கொடுத்தனுப்பினான். பேச்சு மட்டும் நிற்கவில்லை. சிங்காரம் பெண்ணாடத்தில் பார்க்கிறவர்களிடமெல்லாம், "பொண்ணு தங்கமான பொண்ணு. வூடுதான் உப்பு வூடு," என்று சொல்லிச் சிரித்தாராம். அது திட்டக்குடி சொந்தத்துக்குப் போய், விருத்தாசலத்துக்குப் போய், ஐப்பசியில் ஒரு சாவு வீட்டில் கொளஞ்சியப்பன் காதிலேயே விழுந்தது. யாரோ கேட்டார்கள், "நீ உப்பு வூட்டு அம்பலத்துக்கு மச்சான்தான?" அவன் தலையை ஆட்டினான். ஆமாம் என்கிற ஆட்டமா இல்லை என்கிற ஆட்டமா என்று பார்த்தவர்களுக்குப் புரிந்திருக்காது.

மார்கழியில் 'தானே' என்கிற புயல் வந்தது. ஓ.டி.யில் கொளஞ்சியப்பன் வீட்டுக் கூரைத் தகடு பறந்து எங்கே போனதென்றே தெரியவில்லை. மரமெல்லாம் ரோட்டில் படுத்துக் கிடக்க, பஸ் ஓடாத ஊரில், கொளஞ்சியப்பனும் சின்னம்மாளும் நனைந்த பாயைச் சுருட்டி வைத்துக்கொண்டு நின்றபோது ஒரு பழைய மொபெட் வந்து நின்றது. அம்பலம். பின்னால் தார்ப்பாய், அரிசி, மெஸ் அலுமினியத் தூக்கில் சாம்பார். சிதம்பரத்திலிருந்து மரத்துக்கு மரம் இறங்கி மொபெட்டைத் தூக்கித் தாண்டி வந்திருக்கிறார்.

"எப்படி மாமா வந்த?" என்றான் கொளஞ்சியப்பன். மூஞ்சியைப் பார்க்காமல் தார்ப்பாயைப் பார்த்துக் கேட்டான்.

"வந்தேன். இந்த முனையப் புடி மச்சான், கட்டிடுவோம்."

கட்டினார்கள். சாம்பாரைச் சின்னம்மாள் ஊற்றினாள். கொளஞ்சியப்பன் தட்டைப் பார்த்தபடி கேட்டான்: "அங்க வூடு?"

"ஒண்ணும் ஆவல."

"செவுரு?"

அம்பலம் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். "செவுருக்கு என்னா? அது பாட்டுக்கு இருக்குது."

அவர் திட்டியிருந்தால் கொளஞ்சியப்பனால் தாங்கியிருக்க முடியும். மொபெட் போன பிறகு அவன் தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்து, அன்றைக்குச் சபையில் தான் பேசினதை ஒரு வார்த்தை விடாமல் திரும்ப மனசுக்குள் கேட்டான். மாசியில் கல்யாணம். முதல் நாள் சாயங்காலம் பெண் அழைப்பு, அதே கூடத்தில். திரும்பவும் சபையில் தாய்மாமன் உத்தரவு கேட்பார்கள். அந்த வாயால் எப்படி உண்டு என்று சொல்வது? போகாமல் இருந்துவிடலாம் என்றால், தாய்மாமன் இல்லாமல் பெண் வாசல் தாண்டாது.

மறுநாளே தேவசகாயத்தைத் தேடிப் போனான். அவன் விழுந்த மரத்தை வெட்டிக்கொண்டிருந்தான்.

"தேவா, காயிதம் ஒட்டுன செவுத்துல பெயிண்டு எப்படி அடிக்கிறது?"

"எதுக்குண்ணே?"

கொளஞ்சியப்பன் சொன்னான். சுண்ணாம்பு என்று சொன்னதும் தேவசகாயம் அரிவாளைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான். "காயிதத்து மேல சுண்ணாம்பா? அண்ணே, நீயா?" அப்புறம் எதிரில் நின்றவன் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். "வுடுண்ணே. நானும் மொதல்ல ஒரு ஓட்டல்ல கழட்டாம மேலயே அடிச்சிட்டு ஓடியாந்தவன்தான்." உட்கார்ந்து சொன்னான். மேல் தோலைக் கீறிவிட வேண்டும். சோப்பு போட்ட வெந்நீரை ஒற்றி ஊறவைக்க வேண்டும். அவசரப்படாமல் சுரண்ட வேண்டும். காயிதம் போனாலும் பசை நிற்கும். அதைப் பிசுபிசுப்புப் போகக் கழுவ வேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகு பட்டி பார்த்துப் பள்ளத்தை நிரவி, உப்புத்தாள் போட்டு, பிரைமர் கொடுத்து, அதற்குப் பிறகுதான் பெயிண்ட். "கழட்டவே முடியலன்னாத்தான் மேல அடிக்கிறது. அதுக்கும் தண்ணி ஆவாது, சுண்ணாம்பு ஆவாது. எண்ண பிரைமரு. நான் வரட்டுமாண்ணே?"

"வாணாம்பா. இது நானே கழட்ட வேண்டியது."

தை முடிகிற சமயத்தில் சிதம்பரம் போனான். கூடத்தில் பாதிச் சுவர் உரிந்தும் பாதி தொங்கியும் கிடந்தது. யாரும் கை வைக்கவில்லை. அமிர்தம் அவனை வா என்று சொல்லவில்லை. வெந்நீர் மட்டும் அண்டா அண்டாவாகப் போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். அவன் கீறினான், ஒற்றினான், சுரண்டினான். ரோஜாக்கொடி சுருள் சுருளாகக் காலடியில் விழுந்தது. சுண்ணாம்பு பட்டு விரல் இடுக்கெல்லாம் வெந்துபோனது. முந்திரி உடைத்த அக்காள் கை அப்போது அவன் நினைப்பில் வந்து போனது. அவளைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

காயிதம் முழுக்க இறங்கி, பசையைக் கழுவி, காயவிட்ட பிறகு சுவர் வெளியே வந்தது. தானே புயல் அடித்துப் போன வருஷத்தில், பக்கத்து வீடெல்லாம் பாசி பூத்துக் கிடக்க, அந்தச் சுவர் அம்மிக்கல் மாதிரி நின்றது. ஒரு விரிசல் இல்லை. ஒரு வெள்ளைப் பூப்பு இல்லை. சலித்த மண்ணின் பூச்சு உள்ளங்கைக்கு நைசாகத் தெரிந்தது. கொளஞ்சியப்பன் யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டு, விரலைச் சுவரில் தேய்த்து நாக்கில் வைத்தான். மண் ருசி. உப்பு இல்லை.

அன்றைக்கு மத்தியானம் அடுப்படியில் சாப்பிடும்போது, அம்பலம் பக்கத்தில் இருக்க, மெதுவாகச் சொன்னான்.

"மாமா, செவுத்துல ஓதம் இல்ல."

"நான் கட்டுனது மச்சான். எனக்குத் தெரியாதா?"

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே மாமா."

"சொன்னா உங் கழுத்துல மாலை வுழுந்திருக்குமா? பொண்ணுக்கு இருக்குறது ஒரு தாய்மாமன்." அம்பலம் மோருக்குக் கை நீட்டினார். அவருக்கு அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

அமிர்தத்துக்கு முடியவில்லை. அகப்பையை வைத்தாள். "கூடத்துல, சபையில, அவ்வளவு பேருக்கு முன்னாடி அந்த வார்த்தய வுட்ட. இப்ப அடுப்படியில வந்து, சோத்துத் தட்டுகிட்ட குசுகுசுன்னு திருப்பி எடுத்துக்குற. இவுருகிட்ட சொல்லி என்னாடா ஆவப்போவுது? இவுருக்குத்தான் அன்னிக்கே தெரியுமே!"

கொளஞ்சியப்பன் சோற்றுத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து கூடத்துக்குப் போனான்.

பட்டி பார்த்தான், உப்புத்தாள் போட்டான், பிரைமர் காய்கிற வரை தொடாமல் இருந்தான். அப்புறம் அதே இளம் பச்சை. இந்தத் தடவை ஸ்வர்ணலதா, "நல்லாருக்குது மாமா," என்றபோது அவன் ஒரு பெருமைப் பேச்சும் பேசவில்லை. சுரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான்.

பெண் அழைப்பு அன்றைக்குச் சாயங்காலம் கூடம் நிறைந்துவிட்டது. சிங்காரம் உள்ளே வந்ததும் வராததுமாகச் சுவரில் ஆள்காட்டி விரலைத் தேய்த்து விரலைப் பார்த்தார். "பரவால்ல, ஒட்டல. என்னா சம்மந்தி, இது எத்தினி நாளைக்கு வாரண்டி?" மாப்பிள்ளை வீட்டார் சிரித்தார்கள். மாப்பிள்ளையின் அத்தை நடுக்கூடத்தில், எந்தச் சுவருக்கும் எட்டாத இடமாகப் பார்த்து உட்கார்ந்தாள். அம்பலமும் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் கொளஞ்சியப்பன் தரையைப் பார்த்தான்.

பெரியவர் ஒருவர் தொண்டையைச் செருமினார். "பொண்ண அழைச்சிகிட்டுப் போவத் தாய்மாமன் உத்தரவு உண்டா?"

கொளஞ்சியப்பன் எழுந்து நின்றான். உட்கார்ந்தபடியே சொல்வதுதான் வழக்கம். அவன் நின்றதும் பேச்சுச் சத்தம் அடங்கிவிட்டது. வாய் மட்டும் திறக்கவில்லை.

"சொல்லேண்டா. வாயில என்னா வெத்தலயா?" என்றாள் பாலாம்பாள்.

"உத்தரவுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்." அவன் சுவரைக் காட்டினான். "இந்தச் செவுத்துல ஓதம் கெடையாது. என்னிக்கும் கெடையாது. எனக்குக் காயிதம் ஒட்டுன செவுத்துல வேல தெரியாது. தெரியாதுன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சி. காயிதத்து மேலயே தண்ணி அடிச்சி, சுண்ணாம்பு அடிச்சேன். அந்த ஈரம் நான் அடிச்ச தண்ணி. எம் மேல வந்துடுமேன்னு மாமா மண்ணு மேல பழியப் போட்டேன். மாமா கட்டுனது கொள்ளிடத்து மண்ணுல. ஒரு பொட்டு உப்பு கெடையாது."

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவன் கண் அம்பலத்தைத் தேடியது. அம்பலம் ஜமுக்காளத்தின் ஓரத்து நூலைத் திருகிக்கொண்டிருந்தார்.

திட்டுவார்கள் என்று நினைத்தான். பாலாம்பாள்தான் முதலில் வெடித்தாள். "காயிதத்து மேல சுண்ணாம்பா! அடப் பாவி, எம் பேரன்கூட செய்ய மாட்டானேடா!" அதோடு கூடமே சிரித்தது. பெண்ணாடத்துக்காரர்கள் ஒருத்தர் முதுகில் ஒருத்தர் தட்டிக்கொண்டு சிரித்தார்கள். "அப்ப எம் பட்டுப்பொடவைக்கு யாருய்யா பதில் சொல்றது?" என்று அத்தை கேட்க, இன்னொரு அலை எழுந்தது. கொளஞ்சியப்பன் நடுவில் நின்றான். நாலு அறை விட்டிருந்தால் அது கொஞ்ச நேரத்து வலி. இந்தச் சிரிப்பு தோலுக்கு அடியில் போய்த் தங்குகிற சிரிப்பு என்று அவனுக்கு அப்போதே தெரிந்தது.

சிரிக்காதவர் சிங்காரம் ஒருவர். அவர் முகம் சுருங்கிப்போயிருந்தது. "யோவ், நான் ஊரு பூரா உப்பு வூடு உப்பு வூடுன்னு சொல்லி வச்சிருக்கேனே. அத இப்ப நான் எங்க போயி அள்ளுறது?" என்றார். பிறகு அம்பலத்தின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உத்தரவு என்னாச்சி?" என்றார் பெரியவர்.

"உண்டுங்க," என்றான் கொளஞ்சியப்பன்.

மாலையை அம்பலமே எடுத்துப் போட்டார். கழுத்தில் கோணலாக விழுந்ததை நேராக்கிவிட்டார். "போதும், நிமிரு மச்சான்," என்று காதருகில் சொன்னார். மச்சான் நிமிரவில்லை.

உப்பு வீடு என்கிற பேச்சு பெண்ணாடத்தில் கல்யாணத்தோடு ஓய்ந்தது. சிங்காரமே பார்க்கிறவர்களையெல்லாம் நிறுத்தி வைத்துக் கதையைத் திருத்திச் சொன்னார். திருத்திச் சொன்ன கதைக்கு ஒரு பேர் வேண்டியிருந்தது. காயித மாமா என்று அவரே வைத்தார். திட்டக்குடி வழியாக, விருத்தாசலம் வழியாக அது கடலூருக்கும் வந்து சேர்ந்தது. தேவசகாயம்கூட ஒரு தடவை வாய் தவறிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அந்த வருஷக் கடைசியில் ஸ்வர்ணலதாவுக்கு வளைகாப்பு. சிதம்பரத்து வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து பாலாம்பாளின் குரல் கேட்டது: "காயித மாமா வந்தாச்சா பாருங்கடி!" கொளஞ்சியப்பன் ஒரு நொடி வாசற்படியில் நின்றான். சின்னம்மாள் அவனைப் பார்த்தாள். "வந்துட்டேன் அண்ணி," என்று சொல்லிக்கொண்டு சீர்த்தட்டோடு உள்ளே போனான். கூடத்தில் எல்லாரும் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். பெயிண்ட் அடித்த நாள் போலவே இருந்தது. "இப்பிடி செவுத்தோரமா வந்து சாயேன் மச்சான்," என்று அம்பலம் நகர்ந்து இடம் விட்டார்.

"இருக்கட்டும் மாமா," என்று கொளஞ்சியப்பன் ஜமுக்காளத்தின் நடுவிலேயே உட்கார்ந்தான். முதுகு வலித்தாலும், அந்த வீட்டுக்கு எத்தனை தடவை போனாலும், அந்தச் சுவரில் அவன் சாய்ந்து உட்கார்ந்ததே இல்லை.